மரணசாசனத்தைக் காட்டினால் உடனே வீட்டை விட்டு எழும்ப வேண்டுமா?



எம்மைத் தேடி வருகின்ற பெண்கள் கைப்பைக்குள் மடித்துக் கொண்டுவரும் கடிதங்களில் ஒரு வகைக் கடிதம் இப்போது அடிக்கடி காணப்படுகின்றது. சட்டத்தரணி ஒருவரின் பெயர் அச்சிடப்பட்ட தாளில் அது இருக்கும். நீங்கள் குடியிருக்கும் வீடு, இறந்துபோன இன்னாரின் மரணசாசனத்தின் மூலம் இன்னாருக்கு உரித்தாகிவிட்டது, ஆகவே ஒரு மாதத்தினுள் வீட்டை வெறுமையாக்கிக் கையளிக்க வேண்டும், தவறினால் வழக்குத் தொடரப்படும் என்பதே அதன் சாரம்.

இத்தகைய கடிதங்கள் ஏன் கூடியிருக்கின்றன என்பதை விளங்கிக்கொள்வது கடினமல்ல. யுத்த காலத்தில் வெளிநாடு சென்றவர்கள் தமது வீடுகளை வாடகைக்கோ, பார்த்துக்கொள்ளும்படியோ கொடுத்துவிட்டுப் போனார்கள். இடம்பெயர்ந்து வந்த குடும்பங்கள் அவற்றில் குடியேறின. இன்று அந்தத் தலைமுறையினர் லண்டனிலும் ரொறன்ரோவிலும் ஒவ்வொருவராகக் காலமாகின்றார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பெறாமக்களும் இங்குள்ள ஆதனங்களைக் கணக்கெடுக்கத் தொடங்கியுள்ளார்கள். அது அவர்களுடைய உரிமை. ஆனால், அந்த வீட்டினுள் இருக்கின்ற பெண்ணுக்கும் சில உரிமைகள் உண்டு. அவை எவை என்பதை இம்மாதம் பார்ப்போம்.

எமது நிலையத்துக்கு வந்த ஓர் அக்காவின் விடயத்தை முன்வைத்து இதனைச் சொல்வது இலகுவாக இருக்கும். அவரை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை மாற்றியிருக்கின்றேன்.

கடிதம் வந்தது கணவரின் பெயருக்கு

அக்காவின் சொந்த இடம் வலிகாமம் வடக்கு. 1990 இல் அங்கிருந்து இடம்பெயர்ந்த குடும்பம். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வின்போது தென்மராட்சிக்குப் போய், 1996 இல் திரும்பியபோது யாழ்ப்பாண மாநகர சபை எல்லைக்குள் ஒரு பழைய ஓட்டு வீட்டை அவருடைய கணவர் வாடகைக்கு எடுத்தார். வீட்டுக்காரி பிள்ளைகள் இல்லாத ஒரு வயோதிப அம்மா. பின்னர் அவர் வெளிநாட்டில் இருந்த தமக்கையின் குடும்பத்துடன் போய்ச் சேர்ந்துவிட்டார். மாதாமாதம் வாடகையை வாங்குவதற்கு ஊரிலுள்ள உறவினர் ஒருவரை விட்டிருந்தார்.

2006 இல் அக்காவின் கணவர் வேலைக்குப் போனவர் வீடு திரும்பவில்லை. அப்போது மகளுக்கு ஆறு வயது. அதன் பின்னர் தையல் வேலை செய்து வாடகையைக் கட்டி வந்தவர் அக்காதான். 2018 தை மாதத்தில் அவருக்கு மேலே சொன்ன கடிதம் கிடைத்தது. வீட்டுக்கார அம்மா காலமாகிவிட்டார். அவருடைய தமக்கையின் மகன் மரணசாசனப்படி வீடு தனக்கென்றும், தான் வந்து குடியிருப்பதற்கு அது தேவையென்றும் அறிவித்திருந்தார். கடிதம் காணாமற்போன கணவரின் பெயருக்கே விலாசமிடப்பட்டிருந்தது. மகள் ஆவணியில் உயர்தரப் பரீட்சை எழுத இருந்தாள்.

அக்கா எம்மிடம் வந்தது உரிமை கேட்பதற்கு அல்ல. சாமான்களை ஏற்றுவதற்கு ஒரு லான்ட்மாஸ்ரரும், இருப்பதற்கு ஓர் இடமும் ஒழுங்கு செய்து தர முடியுமா என்று கேட்கவே வந்தார். "பிள்ளை, அது அவையின்ரை வீடு. அவ எழுதி வைச்சிட்டுச் செத்துப்போனா. இனி நாங்கள் என்னத்தைக் கதைக்கிறது?" என்றார்.

எமது பெண்கள் பலர் இப்படித்தான் நினைக்கின்றார்கள். மரணசாசனம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நீதிமன்றத் தீர்ப்பே வந்துவிட்டது போலப் பயந்துவிடுகின்றார்கள். வீட்டுக்காரருடன் பேசி வீட்டை எடுப்பது ஆண். எழுத்தில் பெயர் இருப்பதும் ஆணுக்கே. மாதாமாதம் காசைக் கொண்டுபோய்க் கொடுப்பதும், கூரைக்கு ஓடு மாற்றுவதும், கிணற்றை இறைப்பதும் பெண். ஆனால் பிரச்சினை என்று வரும்போது, 'எனக்கும் இந்த வீட்டுக்கும் என்ன சம்பந்தம்' என்று அவளே ஒதுங்கிக்கொள்கின்றாள்.

சாசனம் எதைக் கொடுக்கின்றது?

மரணசாசனம் ஒன்று, இறந்தவரின் சொத்து யாருக்குச் சேரவேண்டும் என்பதைச் சொல்கின்றது. அந்தச் சொத்தில் குடியிருப்பவரை வெளியேற்றுகின்ற அதிகாரத்தை அது தானாகக் கொடுப்பதில்லை. இறந்தவருக்கு இருந்த உரிமையே வாரிசுக்கு வருகின்றது. அவருக்கு இருந்த கடமைகளும் கூடவே வருகின்றன. அந்த அம்மா உயிரோடு இருந்தபோது வாடகைக்கு இருந்தவரை நினைத்த நேரத்தில் எழுப்ப முடியாது என்றால், அவரிடமிருந்து வீட்டைப் பெற்ற பெறாமகனாலும் முடியாது. எமது நாட்டில் வழங்கும் உரோமன் டச்சுச் சட்டத்தில், வீடு விற்கப்பட்டாலும் குத்தகை முறியாது என்று ஒரு பழைய விதி உண்டு. வீடு கை மாறுவதால் மட்டும் வாடகைக்கு இருப்பவரின் நிலை மாறிவிடுவதில்லை.

ஆகவே சகோதரிகளே, கடிதம் வந்தவுடன் சாமான்களைக் கட்டவேண்டாம். கடிதத்தைக் கிழித்து எறியவும் வேண்டாம். மூன்று கேள்விகளுக்கு விடை தேடுங்கள்.

முதலாவது கேள்வி: சாசனம் உறுதிப்படுத்தப்பட்டதா?

காணி, வீடு சம்பந்தமான மரணசாசனம் எப்படி எழுதப்பட வேண்டும் என்பதை 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் சொல்கின்றது. அது எழுத்தில் இருக்கவேண்டும். நொத்தாரிசு ஒருவரும் இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் சமுகமாயிருக்கக் கையொப்பமிடப்பட வேண்டும். நொத்தாரிசு இல்லையெனில் ஐந்து சாட்சிகள் ஒரே நேரத்தில் இருக்கவேண்டும். எழுதியவர் அதன் பின்னர் திருமணம் செய்தால் முன்னைய சாசனம் இரத்தாகிவிடும். எவரும் தமக்குச் சொந்தமானதை மாத்திரமே எழுதி வைக்கலாம். கணவன் மனைவி இருவருக்கும் பங்குள்ள வீட்டை ஒருவர் முழுமையாகத் தன் விருப்பப்படி எழுதிவிட முடியாது.

சட்டம் குறிப்பிடும் பெறுமதிக்கு மேற்பட்ட சொத்தாயின், சாசனத்தை மாவட்ட நீதிமன்றத்தில் சமர்ப்பித்து அதனை ஏற்றுக்கொண்டமைக்கான அத்தாட்சியைப் பெறவேண்டும். சட்டத்தரணிகள் இதனைப் 'புரோபேட்' என்பார்கள். இந்த நடைமுறை நடக்காமல் சொத்தை மீட்பதற்கு வழக்குக் கொண்டுநடத்த முடியாது என்பது குடியியல் நடைமுறைச் சட்டக்கோவையின் 547 ஆம் பிரிவின் சாரம். சாசனம் வெளிநாட்டில் எழுதப்பட்டதாயினும் இங்குள்ள வீடு சம்பந்தமாக இங்குள்ள நீதிமன்றத்தின் முன் அது வந்தாக வேண்டும்.

எனவே கடிதத்துக்குப் பதில் அனுப்பும்போது மரணசாசனத்தின் பிரதி, நீதிமன்ற அத்தாட்சி, வீட்டுக்காரரின் மரண அத்தாட்சிப் பத்திரம் ஆகியவற்றைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. வேறொருவருக்காக ஒரு தரகரோ உறவினரோ வந்தால் அவருடைய அற்றோணித் தத்துவத்தையும் கேளுங்கள். இறந்துபோன வீட்டுக்காரர் உயிரோடு இருந்தபோது கொடுத்த அற்றோணித் தத்துவம் அவருடைய மரணத்தோடு முடிந்துவிடுகின்றது. அதனைக் காட்டி எவரும் உங்களை எழுப்ப முடியாது.

இங்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. 'இந்த வீடு அந்த அம்மாவுக்கே சொந்தமில்லை' என்று வாடகைக்கு இருந்தவர் வாதாட முடியாது. யாரிடம் வாடகைக்கு எடுத்தோமோ அவருடைய உரித்தை மறுப்பதைச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 116 ஆம் பிரிவு தடுக்கின்றது. அந்த அம்மாவின் உரித்து இவருக்கு எப்படி வந்தது என்று கேட்பது வேறு விடயம். அதை நீங்கள் கேட்கலாம்.

இரண்டாவது கேள்வி: வீடு வாடகைச் சட்டத்தின் கீழ் வருகின்றதா?

1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம் நகரப் பகுதிகளிலுள்ள பழைய வாடகை வீடுகளில் இருந்தவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுப்பதற்காக இயற்றப்பட்டது. வாடகை நிலுவை, வீட்டைச் சேதப்படுத்தல், சொந்தத் தேவை போன்ற குறிப்பிட்ட காரணங்களுக்காக மாத்திரமே வீட்டுக்காரர் வழக்கு வைக்கலாம் என்று அதன் 22 ஆம் பிரிவு கூறுகின்றது.

இந்தப் பிரிவில் 7 ஆம் உட்பிரிவு எமது விடயத்துக்கு மிக முக்கியமானது. நீங்கள் குடிவந்த பின்னர் ஒருவர் அந்த வீட்டை விலைக்கு வாங்கியிருந்தால், அல்லது நன்கொடையாகவோ வாரிசு உரிமையாகவோ பெற்றிருந்தால், 'எனக்குக் குடியிருக்கத் தேவை' என்ற காரணத்தைச் சொல்லி அவர் உங்களுக்கு எதிராக வழக்கு வைக்க முடியாது. இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. தனது தாய் தந்தையிடமிருந்தோ, கணவன் அல்லது மனைவியிடமிருந்தோ வீட்டைப் பெற்றவர், அந்தப் பெற்றோரோ துணைவரோ நீங்கள் குடிவருவதற்கு முன்னரே அதற்குச் சொந்தக்காரராக இருந்திருந்தால், சொந்தத் தேவைக்காக வழக்கு வைக்கலாம்.

உதாரணமாகச் சொன்னால், நீங்கள் 1996 இல் குடிவந்தீர்கள். வீட்டுக்காரருக்கு அந்த வீடு 1970 முதல் சொந்தம். அவர் இறந்து மகனுக்கு எழுதி வைத்தால், மகன் தனக்குக் குடியிருக்கத் தேவை என்று கேட்கலாம். நீதிமன்றம் இரு பக்கத்துத் தேவையையும் பார்க்கும். அவர் சகோதரியின் மகனுக்கு எழுதி வைத்தால், அந்தக் காரணத்துடன் அவர் வழக்குக்கே போக முடியாது. ஆனால் நீங்கள் வாடகை நிலுவை வைத்திருந்தாலோ, வீட்டை வேறொருவருக்குக் கொடுத்திருந்தாலோ இந்தப் பாதுகாப்பு உங்களைக் காப்பாற்றாது.

எல்லா வீடுகளும் இச்சட்டத்தின் கீழ் வருவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1980 இலும் 2002 இலும் வந்த திருத்தங்களினால் பிந்திய காலத்து வீடுகளும் வாடகைகளும் பெருமளவில் இதற்கு வெளியே போய்விட்டன. இச்சட்டத்தையே மாற்றுவதற்கும் அண்மைக் காலத்தில் முயற்சிகள் எடுக்கப்பட்டுள்ளன. எனவே உங்களுக்குக் கடிதம் வரும் நாளில் எந்தச் சட்டம் உங்கள் வீட்டுக்குப் பொருந்துகின்றது என்பதைச் சட்டத்தரணியிடம் கேட்டறிந்துகொள்ளுங்கள். அதற்கு வீடு எப்போது கட்டப்பட்டது, எப்போது வாடகைக்குக் கொடுக்கப்பட்டது, எந்தச் சபை எல்லைக்குள் இருக்கின்றது, சோலைவரிப் பதிவில் அதன் பெறுமதி என்ன என்ற நான்கு விபரங்களும் தேவைப்படும்.

அச்சட்டத்துக்கு வெளியேயுள்ள வீடாயினும் முறையான அறிவித்தல் கொடுத்து, வழக்கு வைத்து, தீர்ப்புப் பெற்று, நீதிமன்றத்தின் பிஸ்கால் உத்தியோகத்தர் மூலமே உங்களை வெளியேற்றலாம். எழுத்து மூலக் குத்தகை முடிந்த இடங்களை விரைவாக மீளப்பெறுவதற்கு 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம் வந்துள்ளது. அதிலும் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகத்தான் வேண்டும்.

மூன்றாவது கேள்வி: வாடகைக்கு இருப்பவர் யார்?

அக்காவுக்கு வந்த கடிதத்தில் இன்னொரு வரியும் இருந்தது. வாடகை ஒப்பந்தம் கணவருடன் செய்யப்பட்டதால் மற்றவர்களுக்கு அங்கே இருக்க எந்த உரிமையும் இல்லையாம். கணவனை இழந்த எத்தனையோ பெண்களை வாயடைக்கச் செய்வது இந்த வரிதான்.

1972 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 36 ஆம் பிரிவு இதற்கு விடை சொல்கின்றது. வாடகைக்கு இருந்தவர் இறந்தால், அவருடைய மனைவி அல்லது கணவன், பிள்ளை, பெற்றோர், சகோதரர் போன்றவர்களில், இறப்பதற்கு முன்னரான மூன்று மாதங்களும் அதே வீட்டில் ஒரே குடும்பமாக வாழ்ந்தவர் வாடகைக்கு இருப்பவராகக் கொள்ளப்படலாம். கணவர் பெயரில் எடுத்த வீடு என்பதால் மனைவி தெருவுக்கு வரவேண்டியதில்லை.

ஆனால் அக்காவின் கணவர் இறந்தவர் என்று யாரும் சொல்லவில்லை. 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க மரணப் பதிவு தற்காலிக ஏற்பாடுகள் சட்டத்தின் கீழ் மரண அத்தாட்சிப் பத்திரம் எடுக்கலாம் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கின்றார்கள். அதைப் பற்றிக் கதைத்தபோது அவர் அழுதுவிட்டார். "அவரைச் செத்தவர் எண்டு என்ரை கையாலை எழுதிக் குடுக்கச் சொல்லுறீங்களோ பிள்ளை? வீடு போனாலும் போகட்டும், அதுக்கு நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

எந்தப் பெண்ணையும் அதற்கு வற்புறுத்த எவருக்கும் உரிமை இல்லை. 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின்படி, காணாமற்போனவர் என்பதற்கான சான்றிதழைப் பதிவாளர் நாயகத்திடமிருந்து பெறலாம். கணவர் இறந்துவிட்டார் என்று ஒப்புக்கொள்ளாமலே குடும்பத்தின் அலுவல்களைப் பார்ப்பதற்கு அது உதவுகின்றது. இரண்டு வருடங்களுக்குச் செல்லுபடியாகும். பின்னர் புதுப்பிக்கலாம்.

இதைவிட எளிய வழியொன்று அக்காவின் பழைய பிஸ்கட் பேணிக்குள் இருந்தது. 2006 இற்குப் பிறகு வாடகை வாங்கிய உறவினர் கொடுத்த பற்றுச்சீட்டுகள் அவை. முதலில் இரண்டு மூன்று மாதங்கள் கணவரின் பெயரில் எழுதியவர், பின்னர் அக்காவின் பெயரிலேயே எழுதியிருந்தார். பதினொரு வருடங்களுக்கு மேலாக வீட்டுக்காரியின் சார்பில் அக்காவிடம் வாடகையை வாங்கி, அக்காவின் பெயருக்கே பற்றுச்சீட்டுக் கொடுத்திருந்தால், அக்காவையே வாடகைக்கு இருப்பவராக வீட்டுக்காரி ஏற்றுக்கொண்டார் என்று வாதாட இடமுண்டு. அந்தத் துண்டுகளைப் பார்த்த சட்டத்தரணி, "இவ்வளவு காலமும் இதை ஏன் ஒளிச்சு வைச்சிருந்தனீங்கள்?" என்று சிரித்தார். 'ஆருக்குத் தெரியும், இதுக்கும் பெறுமதி இருக்கெண்டு' என்றார் அக்கா.

வாடகையை நிறுத்தவே வேண்டாம்

வீட்டுக்காரர் இறந்துவிட்டார், யாருக்குக் கட்டுவது என்று தெரியவில்லை என்று சிலர் வாடகையை நிறுத்திவிடுகின்றார்கள். வேறு சில இடங்களில் புதிய உரிமையாளர் வேண்டுமென்றே வாடகையை வாங்க மறுக்கின்றார். சில மாதங்கள் போனதும் நிலுவை என்று வழக்கு வரும். ஏனைய எல்லாப் பாதுகாப்பும் அதனோடு போய்விடலாம்.

வாடகைச் சட்டத்தின் 21 ஆம் பிரிவின் கீழ், வாடகையை உள்ளூராட்சி சபையில் அதற்கென அதிகாரமளிக்கப்பட்டவரிடம் செலுத்திப் பற்றுச்சீட்டுப் பெறலாம். அக்கா அப்படித்தான் மாநகர சபையில் கட்டினார். இச்சட்டத்தின் கீழ் வராத வீடாயின், பதிவுத் தபாலில் காசுக்கட்டளை அனுப்பலாமா, வங்கியில் தனியாகப் போட்டு வைக்கலாமா என்று சட்டத்தரணியிடம் கேட்டுச் செய்யுங்கள். எப்படியாயினும் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு துண்டு உங்கள் கையில் இருக்கவேண்டும்.

பலாத்காரம் செய்தால்

சிலர் கடிதத்துடன் நிற்பதில்லை. பெண்கள் தனியாக இருக்கின்றார்கள் என்று தெரிந்துகொண்டு மின்சாரத்தை வெட்டுவது, கிணற்றடிக்குப் பூட்டுப் போடுவது, ஓட்டைக் கழற்றுவது, ஆட்களுடன் வந்து சாமான்களை முற்றத்தில் எறிவது போன்றவை நடக்கின்றன. உறுதியும் சாசனமும் எவ்வளவு சரியாக இருந்தாலும், நீதிமன்றக் கட்டளை இல்லாமல் இதனைச் செய்ய எவருக்கும் அதிகாரம் இல்லை.

அப்படி நடந்தால் அன்றைக்கே பொலிஸில் முறைப்பாடு செய்து முறைப்பாட்டு இலக்கத்தை வாங்குங்கள். விதானையாருக்கும் அறிவியுங்கள். 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவின் கீழ், பொலிஸார் அல்லது நீங்களே சத்தியக்கடதாசியுடன் நீதிமன்றத்துக்குப் போகலாம். வழக்கிடப்படுவதற்கு முன்னரான இரண்டு மாதங்களுக்குள் நீங்கள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டிருந்தால், உங்களை மீண்டும் வீட்டில் இருத்தும்படி நீதிபதி கட்டளையிடலாம். இரண்டு மாதம் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உறவினர் வீட்டில் தங்கிக்கொண்டு 'பிறகு பார்ப்போம்' என்று இருந்தால் இந்த வழி அடைபட்டுவிடும்.

வாடகை இல்லாமல் இருப்பவர்கள்

'வீட்டைப் பார்த்துக்கொண்டு இரு, வாடகை வேண்டாம்' என்ற வாய்ச்சொல்லின் பேரில் பல சகோதரிகள் இருக்கின்றார்கள். உண்மையைச் சொன்னால், இவர்களுடைய நிலை வாடகைக்கு இருப்பவர்களின் நிலையைவிடப் பலவீனமானது. அனுமதி கொடுத்தவரோ அவருடைய வாரிசோ அனுமதியை மீளப்பெறலாம். ஆனாலும் பலாத்காரமாக வெளியேற்ற முடியாது. அவகாசம் கேட்கலாம். சொந்தச் செலவில் செய்த திருத்த வேலைகளுக்கு எழுதிய கணக்கு இருந்தால் அதனையும் முன்வைக்கலாம்.

'பத்து வருடம் இருந்தால் வீடு உங்களுக்கு' என்று சிலர் ஆசை காட்டுவார்கள். ஒருவரின் அனுமதியுடனோ வாடகைக்கோ இருந்தவருக்கு அந்தப் பத்து வருட ஆட்சி உரிமை இலகுவில் கிடைக்காது. பொய்யாக அப்படி வாதாடி, இருக்கின்ற பாதுகாப்பையும் இழந்துவிடாதீர்கள். எம்மிலும் எத்தனையோ பேர் இடம்பெயர்ந்து, தமது காணியில் வேறு யாரோ இருப்பதைக் கண்டு மனம் நொந்தவர்கள். யுத்தத்தினால் தமது காணிக்கு உரிமை கோர முடியாமற்போனவர்களுக்காகத்தான் 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்க ஆட்சியுரிமை விசேட ஏற்பாடுகள் சட்டம் கொண்டுவரப்பட்டது. எமது காணிக்கு நாம் கேட்ட நியாயத்தை அடுத்தவரின் காணிக்கும் கொடுக்கவேண்டும். மரணசாசனத்துடன் வருபவரும் சில வேளைகளில் பிள்ளைகளுடன் தனித்துப்போன ஒரு பெண்ணாக இருக்கலாம்.

அக்காவுக்கு என்ன நடந்தது?

சட்ட உதவி ஆணைக்குழுவின் சட்டத்தரணி மூலம் பதில் அனுப்பப்பட்டது. வாடகைக்கு இருப்பவர் தாமே என்றும், வாடகை ஒழுங்காகச் செலுத்தப்படுகின்றது என்றும், சாசனம் நீதிமன்றத்தில் உறுதிப்படுத்தப்பட்ட அத்தாட்சியைக் காட்டும்படியும், பெறாமகன் என்ற முறையில் சொந்தத் தேவையைக் காரணங்காட்ட முடியாது என்றும் அதில் சொல்லப்பட்டது. ஒரு மாதம் முடிந்தது. யாரும் வந்து எழுப்பவில்லை. மறுதரப்பினர் அதன் பின்னரே மரணசாசன வழக்கைத் தொடங்கினார்கள்.

மகள் அதே வீட்டில் இருந்து பரீட்சை எழுதினாள். பின்னர் இரு பக்கத்துச் சட்டத்தரணிகளும் பேசினார்கள். அந்தப் பெறாமகனின் உண்மையான எண்ணம் வீட்டை விற்பது. அக்காவும் அந்த வீட்டில் வாழ்நாள் முழுவதும் இருக்க நினைக்கவில்லை. அவருடைய சொந்தக் காணி அப்போதும் விடுபட்டிருக்கவில்லை. 2019 இறுதி வரை இருப்பதென்றும், எழும்பும்போது புதிய வீட்டுக்கான முற்பணத்தை அவர்கள் கொடுப்பதென்றும் எழுத்தில் உடன்பாடு காணப்பட்டது. இரு தரப்பும் அதன்படி நடந்தார்கள்.

அக்கா வழக்கில் வென்று வீட்டைத் தனதாக்கிக்கொள்ளவில்லை. அவருக்குக் கிடைத்தது இரண்டு வருட அவகாசமும், அவமானப்படாமல் வெளியேறும் வாய்ப்பும். ஒரு பிள்ளையின் படிப்பு குழம்பாமல் இருப்பதற்கு அந்த இரண்டு வருடம் போதுமாக இருந்தது. இப்போது அவர் இருக்கும் வாடகை வீட்டின் ஒப்பந்தத்தில் அவருடைய பெயரே இருக்கின்றது.

நீங்கள் செய்யக்கூடியவை

வாடகைப் பற்றுச்சீட்டுகள், ஒப்பந்தம், மின்சாரப் பட்டியல், வாக்காளர் இடாப்புப் பதிவின் பிரதி, விதானையாரின் வதிவிடக் கடிதம் ஆகியவற்றை ஒரே கோவையில் போட்டு வையுங்கள். இடம்பெயர்ந்தபோது எல்லாவற்றையும் இழந்த எமக்கு இதன் அருமை தெரியும்.

கணவர் இல்லாத வீட்டில் இன்றைக்கே வாடகைத் துண்டை உங்கள் பெயரில் எழுதும்படி கேளுங்கள். பிரச்சினை வருவதற்கு முன்னர் கேட்டால் எவரும் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.

புதிதாக வீடு எடுக்கும்போது ஒரு வருடம், இரண்டு வருடம் என்று முற்பணம் கொடுப்பதாயின் வெறும் தாளில் எழுதி வாங்காதீர்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்டால்தான் சட்டப்படி வலுவுள்ளதாகும்.

சட்டத்தரணியின் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் விடாதீர்கள். நீதிமன்ற அழைப்பாணை வந்தால் குறித்த நாளில் கட்டாயம் போங்கள். போகாமல் விட்டால் உங்களைக் கேளாமலே ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வழங்கப்படும்.

எழுதிய கடதாசியில் உங்களுக்கு விளங்காத எதிலும் கையொப்பமிட வேண்டாம். 'சும்மா ஒரு கையெழுத்து' என்று கேட்டு வாங்கும் தாளில், நீங்களே விரும்பி எழும்புவதாக எழுதப்பட்டிருக்கலாம்.

சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று தயங்கவேண்டாம். 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தினால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் பல நீதிமன்ற நகரங்களில் நிலையங்கள் உள்ளன. குறைந்த வருமானமுள்ளவர்களுக்கு இலவசமாக ஆலோசனை சொல்வார்கள், வழக்கும் பேசுவார்கள். வருமானம் பற்றிய கிராம அலுவலரின் கடிதத்தையும் தேசிய அடையாள அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். தனியாகப் போகப் பயமாயின் உங்கள் மாதர் சங்கத்திலிருந்து ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

உங்கள் பக்கத்து வீட்டில் இப்படி ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு யாராவது நித்திரையில்லாமல் இருந்தால், இந்தப் பக்கத்தை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். பற்றுச்சீட்டுகளைத் தேடி எடுக்கவும் உதவுங்கள்.